இல்லை என்பதும் சுழியம் என்பதும்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து அந்தமானின் பல தீவுகளுக்குக் கப்பல்கள் புறப்படுகின்றன. வட சென்டினல் தீவுக்குக் கப்பல் இல்லை. அதை அணுகுவதே சட்டப்படி குற்றம். ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தீவினருக்கும் எண் உண்டு: 2001இல் 39, 2011இல் 15. கரையிறங்காமல், தொலைவிலிருந்து கண்ணில் பட்டோரை எண்ணியதால் கிடைத்தவை அவை.

அந்தமான் மொழிகளைப் பேசுவோரின் தொகையை ஓர் ஆய்வாளர் அட்டவணையாக்குகிறார் என்க. அக்கா-போ மொழிக்கு 0 என்று எழுதுவார். அம்மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். சென்டினலியர் மொழிக்கு அந்த 15ஐ எழுத மனம் ஒப்பாமல், கட்டத்தை வெறுமையாக விடுவார். நேர்மையான செயல்தான். சிக்கல் வரிசைப்படுத்தும்போது எழுகிறது.

மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்னும் இடத்துக்கு சி++ மொழி 2017இல் 'ஆப்ஷனல்' என்ற வகையைத் தந்தது. அதன் விதிப்படி வெறுமை எந்த எண்ணையும்விடச் சிறியது. ஆகவே, இன்றும் கரையில் பேசப்படும் மொழி, இறந்துபோன மொழிக்கும் கீழே போய் நிற்கும்! ஒரு வெறுமை முழு எண் வகை, மற்றொன்று பதின்ம வகை என்றாலும் இரண்டும் சமம் என்றே சொல்லும். ரஸ்ட் மொழி வேறுபட்ட எண்வகைகளை ஒப்பிட மறுக்கும். வகையை ஒன்றாக்கிவிட்டால் அங்கும் வெறுமையே சிறியது. எஸ்.க்யூ.எல் மட்டும் 'தெரியாது' என்று விடை சொல்கிறது. ஆனால் 'நூறு பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள்' எனக் கேட்டால், அந்த வரியை ஓசையின்றி உதிர்த்துவிடும்.

தமிழும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. 'பேசுவோர் இல்லை', 'கணக்கு இல்லை' என இரண்டுக்கும் ஒரே 'இல்லை'தான். எழுவாயைக் கைவிட்டால் வேறுபாடும் போய்விடும்.

39இலிருந்து 15ஐக் கழித்து, 24 பேர் குறைந்தனர் என்று கொள்வது எளிது. இடையில் 2004 ஆழிப்பேரலை வேறு இருக்கிறது, காரணமும் ஆயத்தம். ஆனால் அவை தலைக்கணக்கு அல்ல. 'குறைந்தது இத்தனை பேர்' என்னும் வகையைச் சேர்ந்தவை. குறைந்தது 39இலிருந்து குறைந்தது 15ஐக் கழித்தால் வரும் விடைக்குப் பொருளில்லை. அட்டவணையில் எண்ணுக்கு அருகே, அது எப்படி எண்ணப்பட்டது என்று சொல்லும் இன்னொரு நிரல் வேண்டும்.