சுவருக்கு அப்பால் ஒரு கிதார்

இராயபுரத்தில் நாம் குடியிருக்கும் சந்தில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர். இப்புறம் நம் உம்மாவின் கட்டில். அப்புறம் ஓர் இளைஞனின் கிதார். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் அவன், இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கருவியைக் கையில் எடுப்பான். ஞாயிறுதோறும் தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பவன். உம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்த நாள்முதல் உறக்கம் மாத்திரையின் தயவில் வருவதாயிற்று. அதையும் சுவர் கலைத்தது.

சுவர் வழியே வந்தது இசையன்று. ‘தும் தும்’ என்னும் அடியொலி மட்டுமே. மூன்று வாரம் பொறுத்து, காவல் நிலையத்துக்கு மனு எழுதினோம். தமிழாசிரியன் எழுதிய மனுவல்லவா, பிழையின்றி அமைந்தது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை 45 டெசிபெல் என்றும் எல்லை வகுத்திருப்பதையும் அதில் குறித்தோம்.

மனுவுக்குச் சட்டம் தேடியபோது நம் வடசென்னை வழக்கு ஒன்றே கண்ணில் பட்டது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தார், அருகிலிருந்த ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, டிரம், கிதார் ஆகியவற்றின் மீது முறையிட்ட வழக்கு அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்ததில், இரைச்சலுக்குச் சாலையில் ஓடும் வண்டிகளே காரணம் எனத் தெரிந்தது. ஆயினும் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைக்கச் செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் பணித்தது. மேல்முறையீட்டில், 2000 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அச்சாரம் நம் மனுவுக்கு வலுவூட்டியது. கூடவே நெஞ்சில் ஏதோ உறுத்தவும் செய்தது. மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இஷா தொழுகைக்குப் பின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.

பையன் பதறிப்போனான். “சத்தத்தைக் கம்மி பண்ணா கிதாருக்கு உயிரே போயிடுது பாய். நீங்களே கேளுங்க” என்று வாசித்துக் காட்டினான். உண்மைதான். முழங்கும்போது கனிந்து நின்ற ஒலி, தாழ்த்தியதும் கொசுவின் ரீங்காரமாய் மெலிந்துவிட்டது.

இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்குக் கிளற வரவில்லை. அல்-ஃபாராபி இசையைக் குறித்துப் பெருநூல் இயற்றியவர் என்பதையும், கிதாரை அரபியர் ‘கீஸாரா’ என்பர் என்பதையும் மட்டும் அவனிடம் சொன்னோம். சொல்லின் வரலாறு அவனுக்குப் பிடித்திருந்தது. பதிலுக்கு அவன் நமக்குப் பாடம் நடத்தினான்.

குறை கருவியில் மட்டுமன்று, காதிலும் உண்டாம். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் இதை அளந்து வெளியிட்டனர். ஒலி உரத்திருக்கும்போது அடியொலியும் நடுவொலியும் உச்சியொலியும் ஏறக்குறைய ஒப்பக் கேட்கின்றன. ஒலி தாழத் தாழ அடியொலி முதலில் நழுவுகிறது, உச்சியும் மங்குகிறது, நடுவொலி மட்டுமே மிஞ்சுகிறது. பழைய ஸ்டீரியோ பெட்டிகளில் ‘லவுட்னஸ்’ என்றொரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். அது இந்த நழுவலை ஈடுசெய்யத்தான்.

மேல்நாட்டில் இத்தொல்லை இன்னும் பெரிது. 1960களில் லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த 100 வாட் பெருக்கிகளின் வால்வுகள் தம் எல்லைவரை உழைக்கும்போது ஒலியலையின் முகடு மழுங்கும். அதிலிருந்து புதிய கிளையொலிகள் பிறக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் கலைஞர்கள் ஏங்கினார்கள். அரங்கில் அது சரி, வீட்டில் எப்படி? 100 வாட்டை 10 வாட்டாகக் குறைத்தாலும் காதுக்கு ஏறத்தாழப் பாதிதான் குறைந்ததாகத் தோன்றும். அதனால், பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் மின்னாற்றலை உறிஞ்சி வெப்பமாக்கும் பெட்டிகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் டாம் ஷோல்ஸ் என்னும் இசைக்கலைஞர் செய்த ‘பவர் சோக்’ அவ்வகையில் பேர்பெற்றது.

பையனுடையதோ 40 வாட் டிரான்சிஸ்டர் பெட்டி, பழையதாக வாங்கியது. அதை நம் சுவரை ஒட்டிய மூலையில், தரையில் வைத்திருந்தான். தரையும் இரு சுவர்களும் சேர்ந்து அடியொலியைப் பெருக்கி உம்மாவின் கட்டிலுக்கு அனுப்பின. உச்சியொலி டார்ச் வெளிச்சம்போல் நேரே செல்வது. அது அவன் முழங்காலில் மோதி நின்றது. காதுக்கு எட்டாததால் அவன் இன்னும் கூட்டினான். கூட்டக் கூட்ட நமக்கு வந்ததெல்லாம் ‘தும் தும்’தான்.

நம் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் செய்தோம். எதிர்ச்சுவர்ப் பக்கம், சுவரைவிட்டு இரண்டடி தள்ளி, நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு, பெட்டியை அவன் முகம் நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தான். ‘கெயின்’ திருகைப் பாதியாக்கினான். ‘மாஸ்டர்’ திருகை மிகத் தாழ்த்தினான். பிறகு அடியொலியைக் கொஞ்சம், உச்சியொலியைக் கொஞ்சம் ஏற்றினான். நாம் ஓடிப்போய் உம்மாவின் கட்டிலில் அமர்ந்து கேட்பதும், திரும்பிவந்து “இன்னும் கொஞ்சம்” என்பதுமாக அரைமணி நேரம் கழிந்தது. ஐம்பது கடந்த உஸ்தாதுக்கு வேண்டிய வேலைதான்! அடியொலியை ஏற்றினால் அவனுக்கு இனிமை, நமக்கு இடி. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் இருந்தது. கண்டுபிடித்தோம். பத்து மணிக்குமேல் காதில் ஹெட்போன் என்பதும் முடிவாயிற்று.

புறப்படும்போது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “தப்பா எடுத்துக்காதீங்க பாய். உங்க மத்ரஸா மாடி ஸ்பீக்கர் எங்க ஜன்னலுக்கு நேராத்தான் இருக்கு. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அந்நேரம்தான் படுப்பாரு.”

சட்டைப்பையிலிருந்த மனு கனத்தது. சுபுஹு பாங்கு சொல்லப்படுவது ஆறு மணிக்கு முன்னால். நாம் எழுதிய 45 டெசிபெல் நமக்கும் சேர்த்து எழுதியதுதான். இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டார் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.

மறுநாள் நிர்வாகத்தாரிடம் பேசினோம். கூம்பு ஒலிபெருக்கியைத் தாழ்த்தியபோது பாங்கொலி தகரம்போல் மெலிந்தது. “பார்த்தீரா, பாங்கின் கம்பீரமே போயிற்று” என்றார் பெரியவர் ஒருவர். அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. பையனையே அழைத்துவந்தோம். கூம்பு இயல்பிலேயே அடியொலி தராதது என்று விளக்கினான். உச்சித் திருகைக் குறைத்தான்; மோதினாரை மைக்குக்கு நான்கு விரல் நெருங்கி நிற்கச் சொன்னான். அவ்வகை மைக்கில் வாய் நெருங்கினால் குரலின் அடிப்பகுதி கனக்குமாம். கூம்பையும் தெருப்பக்கம் திருப்பினான். அஸர் பாங்கு ஒலித்தது. முன்பைவிடத் தாழ்வாக, ஆனால் ஒரு மனிதர் நின்று அழைப்பதுபோல் இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை; ஒளூச் செய்யப் போய்விட்டார்.

எண்ணூர் நெடுஞ்சாலைக் கண்டெய்னர் லாரிகளை நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உம்மா இப்போது அவற்றைத்தான் திட்டுகிறார்கள். நாற்காலி இன்னும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறது. அவர்களும் திருப்பித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.