சிறைக்குள் ஒரு தம்... குறைவது எந்த டென்ஷன்?

‘டென்ஷனா இருக்கு, ஒரு தம் போட்டுட்டு வர்றேன்’ என்று வெளியில் இருப்பவர் டீக்கடைப் பக்கம் போய்விடலாம். சிறையில் இருப்பவர் எங்கே போவார்? வழக்கு எப்போது முடியும், வீட்டில் பிள்ளை சாப்பிட்டதா, புதிதாக வந்த அறைத் தோழர் எப்படிப்பட்டவர்... எதுவும் அவர் கையில் இல்லை. இருப்பது ஒரு சிகரெட். அதை எப்போது பற்றவைப்பது, யாருக்குப் பாதி கொடுப்பது என்பதை மட்டும் அவரே முடிவு செய்யலாம்.

ஸ்காட்லாந்துச் சிறைகளில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் புகைத்தார்கள். சிறைக்கு வெளியே, பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான். அறைக்குள் புகைக்க அனுமதி இருந்ததால், புகைக்காத கைதியும் காவலரும்கூட அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

2017 ஜூலையில் தடை அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 30 முதல் எல்லாச் சிறைகளிலும் அமலுக்கு வந்தது. அதன்பின் அளந்து பார்த்தபோது, காற்றில் இருந்த நுண்துகள் சுமார் 80% குறைந்திருந்தது. பலரும் பயந்ததுபோல பெரிய கலவரம் எதுவும் வெடிக்கவில்லை.

காரணம், 16 மாத அவகாசம். அதோடு, புகையை விட உதவியும், சிகரெட்டுக்கு மாற்றாக இ-சிகரெட்டும் கிடைத்தன. நிகோடின் பழக்கம் அதில் தொடரத்தான் செய்கிறது. ஆனாலும், பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குள் புகையிலைப் புகை போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2014-ல் தடை வந்தபோது, நிறுத்துவதற்காகக் கொடுத்த நிகோடின் பட்டையையே தேயிலையோடு சேர்த்துப் புகைத்தார்கள் சில கைதிகள். சிகரெட் போனாலும் தவிப்பு போகவில்லை.

அந்தத் தவிப்பில் பாதி, சிகரெட்டே உண்டாக்கியது. ரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், படபடப்பு. அடுத்த சிகரெட் அதைத்தான் அடக்குகிறது. புகைப்பவருக்கோ கவலையே தீர்ந்ததுபோல இருக்கும். புகையை நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்ததை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது.

மீதிப் பாதி, சிறை தரும் அழுத்தம். தனிமை, வேலையில்லாத நேரம், வீட்டு நினைப்பு. இதற்குப் பட்டையும் போதாது, இ-சிகரெட்டும் போதாது. பேச ஆள் வேண்டும்.

2020-ல் கொரோனாவால் நேரில் சந்திப்பது நின்றபோது, ஸ்காட்லாந்துச் சிறைகளில் கட்டுப்பாடுகளோடு செல்போன் கொடுத்தார்கள். அனுமதி பெற்ற எண்களுக்கு அறையில் இருந்தே பேச முடிந்தது. புகையை நிறுத்த வந்த திட்டம் இல்லை அது. ஆனால், ‘பிள்ளை சாப்பிட்டதா?’ என்ற கேள்விக்கு சிகரெட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரு போன் காலால் முடியும்.