கற்பித்தற்காகக் கற்றல்

கொழும்பிலிருந்து வரும் இரட்டை இருப்புப்பாதை ரம்புக்கனையோடு முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் ஒற்றைப் பாதையே மலையேறுகின்றது. அங்கிருந்து கடுகண்ணாவை வரையிலான ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்திற் புகையிரதம் 400 மீற்றருக்கு மேல் உயரவேண்டும். நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், இவ்வேற்றத்திற்காக ரம்புக்கனையிற் பின்புறத்தே இன்னோர் இயந்திரத்தைப் பூட்டித் தள்ளச் செய்வார்களென எங்கள் தோட்டத்து முதியவர்கள் இன்றும் சொல்வர்.

உயர்தர வகுப்பிற் பயின்ற இரண்டாண்டுகளும் நான் அதிகாலைப் புகையிரதத்தில் இப்பாதை வழியே கண்டிக்குச் சென்றுவந்தேன். எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் நான் சென்றடையக்கூடிய எதிலும் இணைந்த கணிதம் கற்பிக்கப்படவில்லை. கண்டியிலே எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், படித்திறன் என்னும் கருத்தை விளக்கப் புகுந்த நாளில், கரும்பலகையில் ஒரு வளைகோட்டை வரைந்துவிட்டு என்னைப் பார்த்து, "இது நீ நாள்தோறும் ஏறிவரும் பாதை" என்றார். முழுத் தூரத்திற்குமான சராசரி ஏற்றம் ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று. ஆயின், சில இடங்களிற் பாதை அதனினும் செங்குத்தானது, சில இடங்களிற் சமதரையை ஒத்தது. வளைகோடு எங்கும் முறிவின்றி ஒழுங்காகச் செல்லுமாயின், அச்சராசரிக்குச் சரியாகச் சமமான ஏற்றம் வழியில் ஓரிடத்திலேனும் இருந்தே தீரவேண்டும் என்றார். இடைப்பெறுமானத் தேற்றத்தை நான் அறிந்துகொண்டது இவ்வாறுதான். மறுநாட் காலை வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து, "அவ்விடம் எதுவாக இருக்கும்?" என்று தேடிக்கொண்டே சென்றேன். கணிதத்தையே என் பட்டப்படிப்பாகக் கொள்ளவேண்டுமென்ற எண்ணம் அன்று பிறந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

பல்கலைக்கழகம் புகுந்தபின், முதலாண்டின் இறுதியில் எம்மை எதிர்கொண்ட கேள்வி ஒன்றுண்டு. மூன்றாண்டுப் பொதுப் பட்டமா, நான்காண்டுச் சிறப்புப் பட்டமா? திறமையுடையோர் சிறப்புப் பட்டத்தையே நாடுவர் என்பதும், எஞ்சியோர் பொதுப் பட்டத்துடன் வெளியேறி ஆசிரியராவர் என்பதும் மாணவரிடையே எழுதப்படாத விதியாக நிலவுகின்றன. நானும் அவ்விதியை ஐயுறாது ஏற்றிருந்தேன். சி. ஜே. எலியேசர் போன்றோரின் வரலாறு எம்மை அவ்வாறு எண்ணத் தூண்டுவது இயல்பே. யாழ்ப்பாணத்திலிருந்து கேம்பிறிட்சு சென்று டிராக் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் அவர். அத்தகையோர் சென்ற வழியில் ஓரடியேனும் வைக்கவேண்டுமென்ற ஆசை எவருக்குத்தான் இராது?

அவ்வாசையை அசைத்தது ஒரு விடுமுறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி.

என் தங்கை க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் ஏனைய பாடங்கள் அனைத்திலும் சித்தியடைந்து கணிதத்தில் மட்டும் தவறியிருந்தாள். கணிதத்திற் சித்தி எத்துணை முதன்மையானது என்பதை இக்கட்டுரையைப் படிப்போர் அறிவர். அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓய்வு. மீண்டும் பரீட்சை எழுத அவளுக்கு விருப்பம் இருந்தது. பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்கும் அண்ணன் வீட்டில் இருக்கையில் வேறு ஆசிரியர் எதற்கு என்று அம்மா கூறினார். நானும் பெருமிதத்துடனேயே லயத்துத் திண்ணையில் அமர்ந்து கற்பிக்கத் தொடங்கினேன்.

பின்னங்களை வகுக்கும் கணக்கு வந்தது. மூன்றை அரையால் வகுத்தால் ஆறு. "வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கவேண்டும்" என்றேன். அவள் செய்தாள், விடை சரியாகவே வந்தது. ஆயினும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பங்கிட்டாற் குறையத்தானே வேண்டும், அண்ணா? இது ஏன் கூடுகிறது? ஏன் தலைகீழாக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

என்னால் உடனே விடைகூற முடியவில்லை. அவ்வாண்டிற் கூட்டங்களின் கொள்கையிற் சிறந்த புள்ளி பெற்றிருந்தேன். ஒரு மூலகத்தின் நேர்மாறு ஒன்றேயொன்றுதான் என்பதை இரண்டு வரிகளில் நிறுவ வல்லவனாயிருந்தேன். ஆயினும் அத்திண்ணையில் என் வாயினின்று வந்த சொற்கள், "விதி அப்படி" என்பனவே. பல்லாண்டுகளுக்கு முன், மறையை மறையாற் பெருக்கினால் நேர் வருவது ஏன் என்று வகுப்பிற் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடையும் இதே இரண்டு சொற்கள்தாம். அன்று எமக்குக் கணிதம் கற்பித்தவர் வேறு பாடத்திற்கென நியமிக்கப்பட்டவர். கணித ஆசிரியர் இன்மையால் அச்சுமையையும் தாங்கியவர். அவரை நான் மனத்திற்குள் எத்தனையோ முறை குறைகூறியிருக்கிறேன். இப்பொழுது அவருக்கும் எனக்கும் என்ன வேற்றுமை?

அடுப்படியிலிருந்த அம்மாவே வழிகாட்டினார். முப்பது ஆண்டுகளாக இறப்பர்ப் பால் வெட்டும் கை அவருடையது. ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்காதவர். "மூணு சுண்டு அரிசிய அரைச் சுண்டால அளந்தா ஆறு தரம் வரும். இதுல என்ன ஆச்சரியம்?" என்றார். தங்கை சிரித்தாள். அவள் வகுத்தலைப் "பங்கிடல்" என்று மட்டும் எண்ணியிருந்தாள், "எத்தனை முறை அளக்கலாம்?" என்று கேட்பதும் வகுத்தலே என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதன்பின் நான் தொடர்ந்தேன். ஒரு சுண்டில் மூன்றில் இரண்டு பங்கு கொள்ளும் குவளையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுண்டு அரிசியை அதனால் அளந்தால் ஒரு குவளையும் அரைக் குவளையும் வரும். அஃதாவது இரண்டின்கீழ் மூன்று முறை. தலைகீழாக்கிய பின்னம் என்று நாம் சொல்வது, ஒன்றில் எத்தனை குவளை அடங்கும் என்பதையே. ஒன்றுக்கு அத்தனையெனின், நான்கு சுண்டுக்கு அதைப்போல் நான்கு மடங்கு. முக்காற் சுண்டுக்கு அதில் முக்காற் பங்கு. பெருக்கல் அங்கே இயல்பாக வந்து நிற்கின்றது. விதி அவ்விடத்தில் விதியாக இராமற் காரணமாகிவிட்டது.

இவ்வனுபவம் எனக்கு மட்டுமே உரியதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். சீனாவிலும் அமெரிக்காவிலும் தொடக்கநிலைக் கணிதம் கற்பிப்போரை ஒப்பிட்டு லிப்பிங் மா என்பவர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய ஒரு கணக்கே இடம்பெறுகின்றது. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்குமாறும், அதற்குப் பொருந்த ஒரு கதை சொல்லுமாறும் ஆசிரியர்களை அவர் கேட்டார். ஆய்விற் பங்குபற்றிய 72 சீன ஆசிரியர்களும் சரியாக வகுத்தனர். 23 அமெரிக்க ஆசிரியர்களுட் பாதிக்கும் குறைவானோரே முழுமையாகச் சரியான விடை கண்டனர். பொருத்தமான கதை சொல்வது அவர்களுக்கு இன்னும் அரிதாயிற்று. சீன ஆசிரியர்கள் பள்ளியிற் கற்ற ஆண்டுகள் அமெரிக்கரினும் குறைவு. ஆகவே, எத்தனை ஆண்டு கற்றோம் என்பதினும், கற்பிக்கவிருக்கும் கணிதத்தை எவ்வளவு ஆழமாகக் கற்றோம் என்பதே முதன்மையானது எனல் பொருந்தும்.

இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, ஜேர்மானியக் கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன், ஆசிரியராகவிருந்த மாணவருக்கு ஆற்றிய விரிவுரைகளை 1908இல் நூலாக்கத் தொடங்கியபோது ஓர் இரட்டைத் துண்டிப்பைச் சுட்டினார். பல்கலைக்கழகத்துட் புகும் மாணவன் தான் பள்ளியிற் கற்றதற்கும் அங்கே கற்பதற்கும் தொடர்பு காணாமற் பழையதை மறக்கின்றான். ஆசிரியனாகிப் பள்ளிக்கு மீளுகையிற் பல்கலைக்கழகக் கணிதத்திற்கும் வகுப்பறைக்கும் தொடர்பு காணாமற் புதியதை மறக்கின்றான். இறுதியில், தான் மாணவனாயிருந்தபோது கற்பிக்கப்பட்டவாறே கற்பிக்கின்றான். தமிழ்வழியிற் கற்றுப் பின் ஆங்கிலவழியில் இப்பாடங்களைப் பயிலும் எமக்கு இத்துண்டிப்பு இன்னும் ஆழமானது. "படித்திறன்", "நிகர்மாற்று", "வகையீடு" என்னும் சொற்களை விட்டு வந்தோம். நான்காண்டுகளின்பின் அச்சொற்களிடமே திரும்பவேண்டும். கறோல் விசுவநாதபிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அட்சரகணிதத்தைத் தமிழில் எழுத முனைந்தார் என்பதை நினைக்குந்தோறும், அச்சொற்களை மறப்பது எத்துணை இழப்பு என்பது தெளிவாகின்றது.

எனவே என் படிப்பைப் புதிதாகத் திட்டமிட்டேன். பாடங்களைத் தெரியும்போது, "இது எந்தப் பள்ளிக் கேள்விக்கு விடை தரும்?" என்பதையே அளவுகோலாகக் கொண்டேன். மெய்ப்பகுப்பு, முடிவின்றித் தொடரும் தசமங்களுக்குப் பொருள் தருகின்றது. கூட்டங்களும் வளையங்களும், பங்கீட்டு விதி நிலைபெற வேண்டுமாயின் மறையும் மறையும் பெருகி நேராகியே ஆகவேண்டும் என்பதையும், பூச்சியத்தால் வகுத்தல் ஏன் கூடாது என்பதையும் காட்டுகின்றன. எண் கொள்கை, பொதுக் காரணிகளின் அடித்தளம். யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தை அதன் எடுகோள்களோடு ஒருமுறை முழுமையாகக் கற்றவனே நிறுவல் என்பது மனப்பாடமன்று என்பதை மாணவனுக்கு உணர்த்த வல்லவன். நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் இன்றைய பாடத்திட்டத்திற் கணிசமான இடம் பெற்றவை. அவற்றைப் பயிற்சியின்றிக் கற்பிக்க முனைவது ஆபத்தானது. இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்துள்ளேன். ஒவ்வொரு தேற்றத்தையும் கற்றவுடன், அதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்குத் தமிழில் எங்ஙனம் சொல்வேன் என்பதை அதில் அரைப் பக்கம் எழுதுகிறேன். பல பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. அவ்வெறுமையே என் உண்மையான புள்ளியட்டை.

எஞ்சியது, மூன்றாண்டா நான்காண்டா என்னும் கேள்வி. என்பால் அன்புகொண்ட விரிவுரையாளர் ஒருவர் சிறப்புப் பட்டத்தையே வற்புறுத்தினார். பள்ளிக்கு ஆழ்ந்த அறிவு வேண்டாமென்று எண்ணுவதும் பள்ளிப் பிள்ளைகளை இழிவுபடுத்துவதே என்ற அவரது வாதத்தில் உண்மை உண்டு. ஆயின், மூன்றாண்டுப் பட்டமும் அதன்மேல் ஓராண்டுப் பட்டப்பின் கல்வி டிப்புளோமாவும் சேர்ந்தால் அதுவும் நான்காண்டே. அந்நான்காவது ஆண்டில் நான் கற்கவேண்டியது எதுவென்பதே வினா. மேலும், சிறப்புப் பட்டத்தின் நான்காவது ஆண்டு என் தங்கையின் சம்பளத்திலேயே கழியும் என்பதையும் நான் மறைக்கவியலாது. பொதுப் பட்டம் பெற்றால், ஆசிரிய நியமனம் கிடைத்தபின் என் ஊதியத்திலேயே டிப்புளோமாவைப் பயிலலாம்.

இலவசக் கல்வி இந்நாட்டுக்கு 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அவ்விடைவெளியில் ஒரு தலைமுறை கடந்துபோயிற்று. தன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தானே ஆசிரியராகியிருக்கக்கூடிய தலைமுறை அது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எங்கள் தோட்டங்கள் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பன. பாடசாலைகளும் அவ்வாறே சிறியன, தனித்தன. அவற்றுள் ஒன்றுக்குக் கணித ஆசிரியர் ஒருவர் செல்வதென்பது கணக்கில் ஒன்றைக் கூட்டுவதன்று, பூச்சியத்தை ஒன்றாக்குவது.

நான் மூன்றாண்டுப் பட்டத்தைத் தெரிந்துகொண்டேன். இம்முடிவில் இழப்பேயில்லை என்று சொல்லமாட்டேன். நண்பர்கள் சிறப்புப் பட்ட விரிவுரைகளுக்குச் செல்லும்போது மனம் அவர்களோடு சிறிது தூரம் செல்லத்தான் செய்கின்றது. ஆனால், ரம்புக்கனையிற் பின்புறம் பூட்டப்பட்ட அவ்வியந்திரம் வண்டியை மலைமேல் ஏற்றிவிட்டுக் கண்டிக்குப் போகவில்லை. அடுத்த வண்டியைத் தள்ளுவதற்குக் கீழே திரும்பிற்று. அதனைத் தோல்வியென்று எவரும் கருதியதாக முதியவர்கள் சொல்லக் கேட்டிலேன்.

தங்கை அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பித்துள்ளாள். சென்ற ஞாயிறன்று அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "எந்த எண்ணையும் பூச்சியம் தரம் எடுத்துப் பெருக்கினால் ஒன்று எப்படி வரும்?" பூச்சிய அடுக்கு ஏன் ஒன்றாகிறது என்பதையே அவள் தன் மொழியிற் கேட்கிறாள். "விதி அப்படி" என்று இம்முறை நான் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்தேன், அப்பக்கம் இன்னும் வெறுமையாயிருந்தது. இருவருமாக எழுதத் தொடங்கினோம்.