நண்டு வளையும் அணுவும்

ஒளியின் செறிவை எவ்வளவு கூட்டினாலும், அதன் அதிர்வெண் பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் குறைவாயின் எலெக்ட்ரான் வெளிவராது. சென்ற பருவத் தேர்வில் இவ்வரியை அடிக்கோடிட்டு எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்த விதி ஆயிற்றே, அதை ஐயுற நான் யார்? ஆனால், மிகச் செறிந்த லேசர் ஒளியில் இவ்விதி நில்லாது என்று நூலகத்தில் புரட்டிய ஒரு நூல் சொன்னது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படித்தது பொய்யா, மெய்யா?

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 800 நானோமீட்டர் லேசரின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ 1.55 மட்டுமே. ஒன்றால் ஆகாது, ஒன்பது சேர்ந்தால் ஆகும். இரண்டு ஃபோட்டான்களை அணு ஒருசேர விழுங்கலாம் என்று மரியா கெப்பர்ட்-மேயர் அம்மையார் 1931இலேயே எழுதிவிட்டார். அதைச் சோதிக்கத்தக்க லேசர் பிறந்ததோ 1960இல்! 1979இல் பிரான்சில் பியேர் அகோஸ்தினியும் அவர் குழுவினரும் செனான் அணுக்களில் இன்னொரு வேடிக்கையைக் கண்டனர். விடுபடத் தேவையான அளவுக்கு மேலும் ஒரு ஃபோட்டானை விழுங்கிவிட்டு வந்தன சில எலெக்ட்ரான்கள். 2023ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

இதுவரை எண்ணிக்கைக் கணக்குத்தான், எனக்கு விளங்கிற்று. விளங்காதது மாஸ்கோவைச் சேர்ந்த கெல்டிஷ் 1964இல் சொன்ன வழி. ஒளி என்பது ஓர் அலைவுறும் மின்புலம். அப்புலம் வலுத்தால், அணுக்கரு எலெக்ட்ரானைச் சுற்றிக் கட்டிய ஆற்றல் அரண் ஒரு பக்கம் தாழ்ந்து மெலிகிறது. எலெக்ட்ரான் அதை ஏறிக் கடக்காமல் ஊடுருவி வெளியேறுகிறது. சுரங்க ஊடுருவல் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் வயலுக்குப் போயிருந்தேன். பிளவக்கல் அணைத் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். என் தந்தையார் வரப்போரம் குனிந்து நின்றார்.

"ஏய்யா, இந்தா பாரு நண்டு வளை. ராத்திரி பூராவும் தண்ணி கீழ் வயலுக்குப் போயிருச்சு."

கெல்டிஷை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். வரப்பின் மேல் வழியாமலே தண்ணீர் மறுபக்கம் போவதைப் போலத்தான் என்றேன். ஆனால் அணுவில் வளையே கிடையாது, வரப்பு மெலிந்தாலே போதும் என்றேன். 800 நானோமீட்டர் ஒளியின் ஓர் அலைவு 2.7 ஃபெம்டோ நொடியில் முடிந்துவிடும். ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. அதற்குள் வரப்பு மெலிந்து, தடித்து, மறுபக்கம் மெலிந்துவிடும். அவர் மண்ணை மிதித்து அடைத்தபடியே கேட்டார்:

"அப்ப மெலிஞ்சிருக்க நேரத்துக்குள்ள கசிஞ்சாகணும்ல?"

கெல்டிஷ் எண் கேட்பதும் அதைத்தான்! அரணைக் கடக்க வேண்டிய காலம் அலைவின் காலத்தை நோக்க எவ்வளவு? அவ்வெண் ஒன்றைவிட மிகக் குறைந்தால் ஊடுருவல். மிகுந்தால் பல ஃபோட்டான்களை விழுங்கும் வழி. பிறகு தந்தையார், "தப்பாப் படிச்சதுக்குக் குடுத்த மார்க்கைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்றார். சிரிப்பு வந்தாலும் உள்ளே சற்று உறுத்திற்று.

அன்று மோட்டார் அறையில் உட்கார்ந்து நானே ஒரு கணக்குப் போட்டேன். ஹைட்ரஜன் அணுவுக்குள் எலெக்ட்ரான் உணரும் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 514 கோடி வோல்ட். ஒளியின் புலம் அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 32 கோடி ஆனாலே, அரணின் உச்சி எலெக்ட்ரானின் மட்டத்துக்குத் தாழ்ந்துவிடுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 140 இலட்சம் கோடி வாட் செறிவு! உச்சி வெயிலுக்கு அது 0.1 வாட்தான். எந்த நூலையும் பாராமல் நான் கண்ட முதல் விடை. திங்களன்று துறைக்கு ஓடினேன்.

ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். "ஐன்ஸ்டைன் விதி பொய்யில்லையப்பா. ஒரு எலெக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான் என்ற அளவில், செறிவு குறைந்த ஒளியில் அது மெய். அதிருக்கட்டும், அரண் அசையாமல் நிற்பதாகவல்லவா நீ கணக்கிட்டிருக்கிறாய்? இதே செறிவுக்குக் கெல்டிஷ் எண் என்ன?" என்றார்.

போட்டேன். 0.9 வந்தது. ஒன்றுக்கு இவ்வளவு அருகில் வந்தால், ஊடுருவல் என்றும் துணிய முடியாது, பல ஃபோட்டான் என்றும் துணிய முடியாது. என் விடை நின்ற இடம் இரண்டு வயலுக்கும் நடுவிலிருக்கும் வரப்பு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தீபக் மாத்தூர் போன்றோர் செறிந்த லேசரில் அணுக்களும் மூலக்கூறுகளும் சிதைவதைப் பல்லாண்டு ஆராய்ந்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கெல்டிஷின் முழுக் கணக்கில் சிக்கலெண் தளத்தில் ஒரு தொகையீடு வருகிறது. மூன்றாம் வரியில் நிற்கிறேன். கணிதத் துறை ஆசிரியர் ஒருவர் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுப்பு முடிந்ததும் வரச் சொன்னார்.