புதுக்கோட்டையிலிருந்து ரோட்டர்டாமுக்கு

குறும்படம் எடுக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் பேசினால், பத்தில் எட்டுப் பேர் கோடம்பாக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள். புதுக்கோட்டை நடிகர் பி.யு. சின்னப்பா காலத்தில் அது நியாயம். நாடகக் கம்பெனி, பிறகு ஸ்டூடியோ. வேறு வழி கிடையாது. 1940இல் 'உத்தமபுத்திர'னில் அவர் இரட்டை வேடம் போட்டதும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததால்தான்.

இப்போது இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் வேலை, டிவிடி கடையில் வேலை. திரைப்படக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர். நமக்குப் பக்கத்து மேலூர் வட்டாரப் பொட்டல்வெயிலில் எடுத்த 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரப் படம், பாட்டு, சண்டை எதுவும் இல்லாமல்!

கதைக்கா நமக்குப் பஞ்சம்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகிய மாவட்டம் இது. அவர்களில் பலர் இன்று பாட்டிகள். கேமராவை அவர்கள் முன்னால் வையுங்கள், போதும்.

பெரிய பட்ஜெட் வேண்டாம். எடுத்ததை யூடியூபில் போட்டுவிட்டு லைக் எண்ணாமல், கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் மும்பை விழாவுக்கும் முதலில் அனுப்புங்கள். ஏற்கெனவே இணையத்தில் வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள், தம்பிகளே, தங்கைகளே.