டாக்டரைக் கூப்பிடும் வேளை

நாம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஆனால் நம் சொந்த வீட்டில், நம் சொந்தக் குழந்தை விஷயத்தில், எந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிடுவது என்ற சின்னக் கணக்கு ஒன்றைப் போடத் தெரியாமல் ஒரு ராத்திரி திண்டாடினோம். வெட்கத்தை விட்டு அந்தக் கதையை நேயர்களிடம் சொல்லி விடுகிறோம்.

நம் பெண்ணுக்கு மூன்றாவது வயதில் இளைப்பு கண்டது. டாக்டர் ஆஸ்துமா என்றார். நம் தாயார் இழுப்பு என்றார். பெயர் எதுவானால் என்ன? ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் மார்பிலிருந்து பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம் வரும்போது பெயரைப் பற்றி யாரும் சர்ச்சை செய்வதில்லை.

ஒரு நாளும் நோய் நொடி இல்லாத குழந்தைக்குத் திடீரென்று ஜுரம் அடித்தால் பெற்றோருக்குச் சந்தேகமே கிடையாது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தீராத வியாதியுள்ள குழந்தையைப் பெற்றவர்கள் பாடு வேறு. அந்த வீட்டில் இருமல் சுவர்க் கடிகாரம் மாதிரி. அது அடித்துக் கொண்டேதான் இருக்கும். வீட்டாரின் காதில் விழாது.

முதல் இரண்டு வருஷம் நாமும் ஓடினோம். ஒரு தும்மலுக்கு ஓடினோம். இரண்டு தும்மலுக்கும் ஓடினோம். நம் தலை வாசலில் தெரிந்தவுடன், டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கும் அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகை செய்யத் தொடங்கினாள். அந்தப் புன்னகை நம்மைச் சுட்டது. படித்தவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர் இப்படியா பயந்து சாவது என்று நமக்கே தோன்றியது. ஆகவே மெள்ள மெள்ள அரை வைத்தியர் ஆனோம். எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் மனப்பாடம். உறவினர்களின் உதவிக்கும் குறைவில்லை. ஒருவர் தூதுவளை என்றார். ஒருவர் ஆடாதோடை என்றார். ஜூன் மாதத்தில் ஹைதராபாத்துக்குப் போய் உயிருள்ள மீன் குஞ்சை மருந்தோடு விழுங்கச் செய்தால் வியாதி பறந்து விடும் என்று ஒருவர் ரயில் நேரம் முதற்கொண்டு சொன்னார். மீனைக் கண்டால் அழுகிற குழந்தை என்று சொல்லித் தப்பித்துக் கொண்டோம்.

2019-ஆம் வருஷத்துப் போகிப் பண்டிகை. குழந்தைக்கு அப்போது எட்டு வயது. பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திய காலம் மலையேறி, டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் காலம் வந்து விட்டதல்லவா? விடியற்காலை நாலு மணிக்கே தெருவில் புகை மண்டி விட்டது. ஜன்னல்களை எல்லாம் சாத்தினோம். புகைக்கு ஜன்னல் ஒரு பொருட்டா? பகல் முழுவதும் குழந்தை இருமினாள்.

மாலை 6 மணிக்கு நீலக் குழாயை எடுத்தோம். மூச்சுக் குழலைத் திறந்து விடும் மருந்து அதில் இருக்கிறது. அழுத்தினால் புகை போல் வரும். கொஞ்சம் தெளிந்தாள். மறுபடி 9 மணிக்குக் கொடுத்தோம். பிறகு 11 மணிக்கு. பிறகு 12 மணிக்கு. மூன்று, இரண்டு, ஒன்று என்று இடைவெளி குறைந்து வந்ததை, இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதி அடுத்த எண் என்ன என்று கேட்கிற வாத்தியார் கவனிக்கவில்லை!

"டாக்டருக்குப் போன் பண்ணுங்களேன்" என்றாள் நம் மனைவி.

"விடிந்தால் பொங்கல். அந்த மனிதருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்க மாட்டார்களா? இதைவிட மோசமாக எத்தனை தடவை பார்த்து விட்டோம்!" என்று பதில் சொன்னோம்.

ஒரு மணி சுமாருக்கு மார்பில் கத்திய பூனைக்குட்டி நின்று விட்டது. "பார்த்தாயா?" என்று மனைவியிடம் வெற்றியுடன் சொன்னோம். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

குழந்தை மட்டும் படுக்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நம் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் காக்கை வடை திருடிய கதையை ஆரம்பித்தார். வழக்கம்போல் வேண்டுமென்றே தப்பாகவும் சொன்னார்: நரி மரத்தின்மேல் உட்கார்ந்திருந்ததாம், காக்கை கீழே நின்று பாடச் சொன்னதாம். மற்ற நாளாயிருந்தால் குழந்தை, "பாட்டி, உனக்கு ஒன்றுமே தெரியாது!" என்று வீட்டையே இரண்டாக்கி விடுவாள். அன்று பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். "காக்கா" என்றாள். அதோடு நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"ஏண்டா, இவள் என்னோடு சண்டை போடவில்லையே! டாக்டரைக் கூப்பிடு" என்றார் தாயார்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்தது. அப்போது மணி இரண்டே கால்.

டாக்டர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "குழந்தை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசுகிறாளா?" இல்லை என்றோம். "இங்கே அழைத்து வர வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி வரும் வரையில் நீலக் குழாயை நிறுத்தாதீர்கள். நான் அங்கே வருகிறேன்" என்று சொல்லி வைத்து விட்டார். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள்; மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியே கொடுத்தார்கள்; நரம்பில் ஊசி போட்டார்கள். வெளியே எங்கேயோ "பொங்கலோ பொங்கல்" என்று கூவியபோது குழந்தை தூங்கிக் கொண்டிருந்தாள். அவள் விலாவைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் டாக்டரிடம், பண்டிகை ராத்திரியில் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைக் காதில் வாங்காமல், "சத்தம் எத்தனை மணிக்கு நின்றது?" என்றார். ஒரு மணிக்கு என்றோம். "என்னைக் கூப்பிட்டது?" இரண்டே காலுக்கு. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். புல்லாங்குழலில் காற்றுப் போனால்தான் நாதம் வரும்; மூச்சுக் குழலிலும் காற்றுப் போய் வந்தால்தான் சத்தம் கேட்கும். குழல் மேலும் சுருங்கிக் காற்றே போகாமல் போனால் சத்தமும் நின்று விடும். நாம் வியாதி தணிந்தது என்று நினைத்த நேரம்தான் அது முற்றிய நேரம். தவிரவும், குழலின் உள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யத் தொடங்கவே சில மணி நேரம் பிடிக்குமாம். ஆகையால் ஒன்றேகால் மணி நேரம் என்பது சின்ன விஷயமல்ல என்றார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, நம் குழந்தைக்கென்றே சில வரிகள் எழுதிக் கொடுத்தார். அது இன்றும் நம் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நீலக் குழாயின் பலன் 4 மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குள் மறுபடி தேவைப்பட்டால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். இருமலால் ராத்திரித் தூக்கம் கெட்டாலும் தெரிவிக்க வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, சாப்பிட முடியாமற் போனாலோ, விலா குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, யாரையும் யோசனை கேட்காமல் 108. மூச்சையும் எண்ணச் சொன்னார். ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விட்டால் அது ஆபத்தின் அடையாளம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கும் குறுக்கு வழி கூடாது என்று கணக்கு வாத்தியாருக்கு எச்சரிக்கை வேறு!

2020-இல் கொரோனா வந்தபோது, பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டும் கருவி வீட்டுக்கு வீடு வந்தது. நாமும் ஒன்று வாங்கினோம். எண் 92-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று காகிதத்தில் ஒரு வரி கூடியது. ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலும் நகத்தில் சாயம் இருந்தாலும் கருவி ஏமாற்றும். எண் நன்றாயிருக்கிறதே என்று குழந்தையைப் பார்க்காமல் இருந்து விடாதீர்கள் என்றார் டாக்டர். நம் அபிப்பிராயத்தில், நம் தாயாரின் நரிக்கதைக்கு ஈடான கருவி இன்னும் கடைக்கு வரவில்லை.

அந்த நீலக் குழாயின் பூர்வோத்தரம் நமக்கு ரொம்பப் பிடிக்கும். 1955-இல் அமெரிக்காவில், ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. பதின்மூன்று வயதுப் பெண். கையால் பிசையும் கண்ணாடிக் கருவியோடு அவஸ்தைப்பட்டு, தலைமயிருக்கு அடிக்கும் வாசனைத் தெளிப்பான் போல் என் மருந்தையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று தகப்பனாரைக் கேட்டாளாம். மறு வருஷமே அத்தகைய குழாய் விற்பனைக்கு வந்து விட்டது. அந்தத் தகப்பனார் பெண் சொன்னதைக் காதில் போட்டுக் கொண்டார். நாம் பெண் பேசாமல் இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரைப் பல ராத்திரிகள் எழுப்பியிருக்கிறோம். ஒரு தடவை அவசரம் ஒன்றும் இல்லை, காலையில் வந்தால் போதும் என்று சொல்லி விட்டார். கூச்சத்தோடு சமாதானம் சொல்லப் போனோம். "சார், இன்றைக்கு நீங்கள் சீக்கிரம் கூப்பிட்டதால்தான் என்னால் இப்படிச் சொல்ல முடிந்தது. போய்த் தூங்குங்கள்" என்றார்.

குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். தினசரி மருந்தைத் தானே எடுத்துக் கொள்கிறாள். போன மார்கழியில் ஒரு ராத்திரி நம் அறைக் கதவைத் தட்டினாள். "அப்பா, ஒன்பது மணிக்குக் குழாய் போட்டுக்கொண்டேன். இப்போது பதினொன்றரை. மறுபடி வேண்டியிருக்கிறது. டாக்டருக்குப் போன் பண்ணு" என்றாள். நாலு வாக்கியத்தையும் முழுதாகச் சொன்னாளா என்று எண்ணிக் கொண்டே போனைத் தேடினோம். அலமாரிக் கதவிலிருந்த காகிதத்தில் டாக்டரின் நம்பர் மங்கிப் போயிருந்தது. மறுநாள் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததும், அவளே பேனாவை எடுத்து அதன்மேல் அழுத்தி எழுதினாள்.