அலெக்சாந்திரியாவின் கால்வாய்

அலெக்சாந்திரியாவின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் 1498ஐச் சுட்டுவர். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். மிளகு வணிகம் வழிமாறியது. எகிப்தியத் துறைமுகம் ஒடுங்கியது. இவ்விளக்கம் பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிளகு மீண்டும் செங்கடல் வழியே வந்து, அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிசுக்குப் பெருமளவில் சென்றது. ஆயினும் நகரம் பழைய நிலைக்கு மீளவில்லை.

காரணத்தின் மறுபாதி கடலில் இல்லை. நகருக்குப் பின்னால், நிலத்தில் இருக்கிறது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் நிறுவிய இந்நகரம் நைல் நதிக்கரையில் அமைந்ததன்று. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிடாதபடி, கழிமுகத்திற்கு மேற்கே அமைந்தது. எனவே குடிநீரும் சரக்கும் நைலிலிருந்து கால்வாய் வழியே வந்தாக வேண்டும். வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பாப்பிரசு ஆவணம் ஒன்று முசிறி வணிகத்தைப் பற்றிப் பேசுகிறது. செங்கடலில் இறங்கிய சரக்கு ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து, ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கை அடையும் ஏற்பாட்டை அது விவரிக்கிறது. அந்த நெடும் பயணத்தின் கடைசிக் கண்ணி கால்வாயே.

துறைமுகம் வண்டலிலிருந்து தப்பியது, கால்வாய் தப்பவில்லை. தூர்வாரும் அரசு இருந்தவரை நகரம் செழித்தது. ஒட்டோமான் காலத்தில் கால்வாய் தூர்ந்தபோது, நைலின் முகத்துவாரத்திலிருந்த ரொசெட்டா வளர்ந்தது. 1798இல் நெப்போலியன் படை வந்திறங்கியபோது அலெக்சாந்திரியாவில் எஞ்சியிருந்தோர் சில ஆயிரம் பேரே.

1817க்கும் 1820க்கும் இடையில் முகமது அலி கால்வாயை மீண்டும் வெட்டுவித்தார். இலட்சக்கணக்கான குடியானவர்கள் கட்டாயமாகத் திரட்டப்பட்டனர். பசியாலும் நோயாலும் களைப்பாலும் இறந்தோர் தொகையைக் குறைத்து மதிப்பிடுவோரும் பத்தாயிரத்திற்கு மேல் என்கின்றனர். கால்வாய்க்குச் சூட்டப்பட்டதோ சுல்தான் இரண்டாம் மகமூதின் பெயர்: மகமூதியா. அவ்வழியே பருத்தி வந்தது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பருத்தியின் விலையை உயர்த்தியது. 1882இல் நகரின் மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இன்று பாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் கெய்த்பே கோட்டை நிற்கிறது. பண்டைய நூலகத்தின் நினைவாக 2002இல் புதிய நூலகம் திறக்கப்பட்டது. மகமூதியாவின் நகர்ப்பகுதியோ பெருமளவு மூடப்பட்டு, 2020இல் அகன்ற சாலையாயிற்று. அச்சாலையில் விரையும் வாகனங்களுக்குக் கீழே, இந்நகரத்தை இரண்டாம் முறை உயிர்ப்பித்தவர்கள் வெட்டிய மண் கிடக்கிறது. துறைமுகத்தின் வரலாற்றைக் கப்பல்களைக் கொண்டு மட்டுமே எழுதினால், அவர்களுக்கு அதில் இடமிராது.